கால்தான் துடுப்பு... கரைதான் கணக்கு! ஃப்ளோட் டியூப்பில் மீன் பிடிக்கப் போகிறீர்களா?

இரவு எட்டரை மணி. திருப்பூர் பக்கம் ஒரு வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் வேலை பார்க்கும் மகன் அனுப்பியது. சுற்றிலும் மலை. நடுவில் பரந்த ஏரி. அந்த ஏரிக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி மகன். கையில் தூண்டில். முழங்காலுக்குக் கீழே முழுக்கத் தண்ணீர்.

"ஏனுங்க, இவன் நடுத் தண்ணியில எது மேல உட்கார்ந்திருக்கான்?"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முப்பது வருடம் பஞ்சர் கடை வைத்திருந்தவர். "லாரி டியூப்புக்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கு" என்றார். உடனே மகனுக்கு போன் போட்டார். மீன் கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"கண்ணு, இதுல போறது சரி. காத்து எதிர்த்து அடிச்சா எப்படித் திரும்பி வருவே?"

"அதெல்லாம் வந்துரலாம்ப்பா" என்று சொல்லிவிட்டு மகன் போனை வைத்துவிட்டான். அன்று பிற்பகல் அவனுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் புரிந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலருக்கு வார விடுமுறை என்றால் ஏரி, மலை, கூடாரம்தான். அங்கே தூண்டில் பழக்கம் ஒட்டிக்கொண்டால், அடுத்து கண்ணில் படுவது இந்த ஃப்ளோட் டியூப். வாங்குவது சுலபம். சரியானதை வாங்குவதற்கும், பத்திரமாகப் பயன்படுத்துவதற்கும் கொஞ்சம் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

அது என்ன ஃப்ளோட் டியூப்?

ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து மீன் பிடிப்பதற்கான, காற்றடைத்த மிதவை. ஜெர்மனியில் இதைப் 'பெல்லி போட்' என்கிறார்கள். தமிழில் சொன்னால், வயிற்றுப் படகு. இதற்கு மோட்டார் கிடையாது. கையால் தள்ளும் துடுப்பும் கிடையாது. உட்கார்ந்தபடி கால்கள் இரண்டும் தண்ணீருக்குள் தொங்கும். நீச்சல்காரர்கள் மாட்டிக்கொள்வது போன்ற 'ஃபின்ஸ்' காலில் இருக்கும். காலை உதைத்தால் டியூப் நகரும். இரண்டு கையும் தூண்டிலுக்கு மிச்சம். அதுதான் இதன் பெரிய வசதி.

இதன் பூர்வீகம் அப்பா சொன்னதேதான். லாரி டியூப்பை ஊதி, அதன் மேல் கேன்வாஸ் துணி உறை போட்டு, நடுவில் உட்கார ஒரு துணித் தொட்டிலைத் தைத்தார்கள். அமெரிக்காவில் ஆரம்பகால ஃப்ளோட் டியூப்கள் இப்படித்தான் இருந்தன. கிணற்றில் லாரி டியூப் போட்டு நீச்சல் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் அந்நியப் பொருள் அல்ல.

படகு என்றால் இழுத்துப் போக வண்டி வேண்டும், நிறுத்த இடம் வேண்டும். ஃப்ளோட் டியூப் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோ எடைதான். காற்றை இறக்கினால் கார் டிக்கியில் அடங்கிவிடும். முதுகில் மாட்டிக்கொண்டு ஏரி வரை நடந்துவிடலாம். சத்தம் இல்லாததால் மீனும் மிரளாது. படகு நுழையாத கோரைப்புல் ஓரத்திலும் இது நுழையும்.

மகன் போன ஏரியின் பெயர் ஹென்றிஸ் லேக். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,970 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பரப்பு பெரிது, ஆழம் குறைவு. அடியில் நீர்ப்பாசி மண்டிக் கிடக்கும். கட்த்ரோட் ட்ரவுட் என்ற மீனுக்குப் பேர்போன இடம். தாடைக்குக் கீழே சிவப்புக் கீறல் போல இருப்பதால் அந்த மீனுக்கு 'அறுபட்ட தொண்டை' என்று பொருள்படும் பெயர். ஃப்ளோட் டியூப்காரர்களுக்கு மிகவும் பிடித்த ஏரி. மதியத்துக்கு மேல் காற்று கிளம்புவதற்கும் அதே ஏரி பேர்போனது.

வட்டமா, 'யு'வா, 'வி'யா?

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வடிவம்.

வட்ட வடிவம் பழைய மாடல். விலை குறைவு. பழைய பொருள் விற்கும் இடங்களில் கிடைப்பதும் பெரும்பாலும் இதுதான். ஆனால், பாவாடை மாட்டுவது போல நடு ஓட்டைக்குள் காலை விட்டு ஏற வேண்டும். இறங்கும்போதும் அதே பாடு. சுற்றிலும் டியூப் இருப்பதால் அவசரத்தில் சட்டென்று வெளியே வர முடியாது. கவிழ்ந்துவிட்டால் கால் மேலேயும் தலை கீழேயும் மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

'யு' வடிவத்தில் முன்பக்கம் திறந்திருக்கும். நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். முன்னால் குறுக்கே ஒரு கம்பியோ பட்டையோ இருக்கும். அதன் கொக்கியைக் கழற்றினால் வழுக்கி வெளியே வந்துவிடலாம்.

'வி' வடிவம் அதிலிருந்து வந்த அடுத்த படி. இது பின்னோக்கித்தான் நகரும் என்பதால், முதுகுப் பக்கம் கூராக இருந்தால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். அதே உதைக்குக் கூடுதல் தூரம் கிடைக்கும். கால் வலியும் குறையும்.

புதிதாக வாங்குகிறவர்கள் 'யு' அல்லது 'வி' வாங்குவதே நல்லது. விலை குறைவு என்று வட்டத்துக்குப் போக வேண்டாம். நம் கதையின் மகன் அந்தத் தப்பைத்தான் செய்திருந்தான்.

காற்றறை எத்தனை?

அப்பா இரண்டாவதாகக் கேட்ட கேள்வி இது. "ஒரே டியூப்பா, தனித்தனியா?"

லாரி டியூப் என்பது ஒரே அறை. ஓர் இடத்தில் கிழிந்தால் மொத்தக் காற்றும் போய்விடும். நல்ல ஃப்ளோட் டியூப்பில் குறைந்தது இரண்டு, மூன்று தனித்தனி காற்றறைகள் இருக்கும். இடது, வலது, முதுகுச் சாய்மானம், இருக்கை என்று ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு. ஒன்று போனாலும் மற்றது தாங்கிப் பிடிக்கும். சாய்மானத்தை வெறும் சொகுசு என்று நினைக்கக் கூடாது. பெரிய அறை பழுதானால் கரை வரை தாங்கப்போவது அதுதான்.

எடைக் கணக்கு

மிதப்பதன் கணக்கு எளிது. நல்ல தண்ணீரில் ஒரு லிட்டர் தண்ணீரை விலக்கினால் ஒரு கிலோ எடையைத் தாங்கும். ஒவ்வொரு மாடலும் எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். அதில் உங்கள் எடையை மட்டும் பார்க்காதீர்கள். உடுப்பு, ஃபின்ஸ், தூண்டில் பெட்டி, தண்ணீர் பாட்டில், மதியச் சாப்பாடு எல்லாம் சேரும். 80 கிலோ ஆளுக்கு இவையெல்லாம் சேர்த்து 90 கிலோ வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும் டியூப் எடுத்தால்தான் நிம்மதியாக உட்காரலாம். அளவு நெருக்கமாக இருந்தால் டியூப் தண்ணீருக்குள் தாழ்ந்துவிடும். உதைத்தாலும் நகராது.

இருக்கை உயரம்

பழைய மாடலில் வலைத்துணி இருக்கை. இடுப்பு வரை தண்ணீரில் இருக்கும். புது மாடலில் காற்றடைத்த இருக்கை. உடம்பு மேலே தூக்கி நிற்கும், குளிர் குறையும், கண்ணுக்கும் தூரம் தெரியும். ஆனால், உயரமாக உட்கார்ந்தால் காற்றும் கூடுதலாகப் பிடித்துத் தள்ளும். குளிர்ந்த ஏரி என்றால் உயர்ந்த இருக்கை. எப்போதும் காற்றடிக்கிற இடம் என்றால் கொஞ்சம் தாழ்ந்தது.

பஞ்சர் கடைக்காரரின் பரிசோதனை

வாங்கியதும் நேராக ஏரிக்குப் போகக் கூடாது. பழைய டியூப் என்றால் கட்டாயம் கூடாது.

முதலில் வீட்டுக்குள் வைத்து முழுதாக ஊத வேண்டும். சோப்பு நுரையைத் துணியில் தொட்டு வால்வைச் சுற்றியும் தையல் ஓரமாகவும் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு. பிறகு ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டு, காலையில் அமுக்கிப் பார்க்க வேண்டும். பகல் வெயிலில் ஊதி, ராத்திரிக் குளிரில் விட்டால் கசிவே இல்லாமலும் தளர்ந்திருக்கும். காற்று குளிர்ந்தால் சுருங்கும். அதனால்தான் ஒரே மாதிரி வெப்பம் இருக்கும் அறைக்குள் சோதிக்கச் சொல்கிறார்கள்.

இதே காரணத்தால் இன்னொரு எச்சரிக்கை. காலையில் கல் மாதிரி ஊதிவிட்டு, மதிய வெயிலில் கரையில் போட்டுவிட்டால் உள்ளே காற்று விரிந்து தையல் பிரியலாம். கார் டிக்கியில் ஊதியபடி வைப்பதும் ஆபத்து. கரையில் கிடக்கும்போது கொஞ்சம் காற்றை இறக்கி வையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் இறங்கிய பிறகு தளர்ந்தால், கரையோரமாக நின்று மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.

உறைத் துணியில் ஜிப் இருந்தால் அது பல் விடாமல் மூடுகிறதா என்று பாருங்கள். ஜிப் திறந்துகொண்டால் உள்ளே இருக்கும் டியூப் பலூன் மாதிரி பிதுங்கி வந்து வெடித்துவிடும்.

உடம்பில் என்ன இருக்க வேண்டும்?

முதலில் லைஃப் ஜாக்கெட். ஃப்ளோட் டியூப் மிதக்கும். ஆனால் அது உங்கள் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்காது. டியூப்பிலிருந்து வழுக்கிவிட்டால் உங்களைத் தூக்கிப் பிடிக்கப்போவது நீங்கள் போட்டிருக்கும் ஜாக்கெட்தான். அமெரிக்காவில் இதைப் பற்றிய விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விதி என்ன சொன்னாலும் சரி, அணிந்துகொள்ளுங்கள். சாய்மானத்தில் சாயும்போது இடிக்காமல் இருக்க, முதுகின் மேல்பாதியில் மட்டும் பஞ்சு உள்ள ஜாக்கெட்டுகள் கிடைக்கின்றன.

அடுத்து 'வேடர்ஸ்'. பெயரைக் கேட்டு வேட்டைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பாதத்திலிருந்து நெஞ்சு வரை மூடும், தண்ணீர் புகாத உடுப்பு இது. மலை ஏரிகளில் கோடையிலும் தண்ணீர் சில்லென்று இருக்கும். அதே குளிர்ச்சியில் காற்றைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். முதலில் கால் மரத்துப்போகும். இந்தப் படகுக்குக் கால்தானே இன்ஜின்? அது மரத்தால் படகே நின்ற மாதிரி.

வேடர்ஸ் போட்டால் இடுப்பில் பெல்ட் கட்டாயம். தவறி விழுந்தால் உள்ளே தண்ணீர் புகுவதை அது குறைக்கும். தண்ணீர் புகுந்தால் அந்த உடுப்பே ஆளைக் கல் மாதிரி அடியில் இழுத்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. அது உண்மை அல்ல. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை தெரியாது. ஆனால், கரையேறும்போது அந்த எடை முழுக்க உங்கள் மேல் விழும். எழுந்து நிற்பதே கஷ்டம். அப்போது பதறாமல் தவழ்ந்து வெளியே வர வேண்டும்.

ஃபின்ஸில் பார்க்க வேண்டியது இரண்டு. கணுக்காலோடு கட்டும் கயிறு இருக்க வேண்டும். கழன்று விழுந்தாலும் மிதக்கிற வகையாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு ஃபின் தொலைந்தால் டியூப் ஒரே இடத்தில் வட்டம் போட ஆரம்பித்துவிடும்.

முதல் ஒத்திகை

முதல் நாள் தூண்டிலே வேண்டாம். மணல் தரையாக, சரிவு குறைவாக, அலை இல்லாத ஓர் ஓரம். கூட ஒருவர் கரையில் நிற்க வேண்டும்.

தண்ணீரின் விளிம்பில் டியூப்பை வைத்து, ஃபின்ஸை மாட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்து உள்ளே போங்கள். முன்னோக்கி நடந்தால் ஃபின்ஸ் மடங்கி குப்புற விழ வைக்கும். தொடையளவு தண்ணீர் வந்ததும் மெல்ல உட்காருங்கள். முழங்காலை லேசாக மடக்கி, ஒரு கால் மாற்றி ஒரு கால் நிதானமாக உதையுங்கள். டியூப் பின்னோக்கி நகரும். வலது காலை மட்டும் உதைத்தால் ஒரு பக்கம் திரும்பும், இடது காலை மட்டும் உதைத்தால் மறுபக்கம். அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

பின்னோக்கிப் போவதால் முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. நாலு உதைக்கு ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

அதன் பிறகு முக்கியமான பயிற்சி ஒன்று உண்டு. இடுப்பளவு தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றி டியூப்பை விட்டு வெளியே வந்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டும் அந்தக் கொக்கியைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்.

காற்று என்கிற கணக்கு வாத்தியார்

இப்போது அந்த மகன் கதை. காலையில் ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. அவனும் நண்பரும் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்கள். அப்போது லேசான காற்று முதுகுப் பக்கமாக, கரையிலிருந்து ஏரிக்குள் வீசிக்கொண்டிருந்தது. போகும்போது சுகமாக இருந்தது. பாதி வேலையைக் காற்றே செய்தது.

மதியம் காற்று வலுத்தது. திரும்பலாம் என்று உதைக்க ஆரம்பித்தார்கள். பத்து நிமிடம் உதைத்துவிட்டுப் பார்த்தால், கார் நின்ற கரை இன்னும் தூரத்தில் தெரிந்தது. ஃப்ளோட் டியூப்பின் வேகம், சாதாரணமாக நடந்து போகிற வேகத்தில் பாதிகூட இருக்காது. காற்று அதைவிட வேகமாகத் தள்ளினால் நீங்கள் எவ்வளவு உதைத்தாலும் பின்வாங்கத்தான் செய்வீர்கள். மகனின் வட்ட டியூப் இன்னும் மோசம். கடைசியில் நண்பர்தான் புத்தி சொன்னார். "அந்தக் கரையை விட்டுடு. காத்து எங்க கொண்டுபோகுதோ அங்க போய் ஏறிக்கலாம்." காற்றின் போக்கிலேயே குறுக்காக உதைத்து, எதிர்க்கரையில் கோரைக்குள் போய்ச் சேர்ந்தார்கள். டியூப்பை முதுகில் போட்டுக்கொண்டு, நனைந்த உடுப்போடு ஏரியைச் சுற்றி நடந்து கார் இருந்த இடத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

அவர்கள் செய்த கடைசிக் காரியம் சரி. முதல் காரியம்தான் தப்பு. கரையில் நின்று ஏரியைப் பார்க்கும்போது காற்று உங்கள் முகத்தில் அடிக்கிறதா, முதுகில் அடிக்கிறதா என்று பாருங்கள். முகத்தில் அடித்தால் நல்லது. போகும்போது எதிர்த்து உதைக்க வேண்டியிருக்கும், ஆனால் களைத்துப்போய்த் திரும்பும்போது காற்றே கரைக்குக் கொண்டுவந்துவிடும். முதுகில் அடித்தால் அந்தக் கரையிலிருந்து இறங்காதீர்கள். சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போங்கள், அல்லது ஓரத்திலேயே இருங்கள்.

முகக் காற்றாக இருந்தாலும் அலை வெள்ளை நுரையோடு உடைய ஆரம்பித்துவிட்டால், அன்றைக்கு மீன் போதும். இடிச் சத்தம் கேட்டாலும் அப்படியே. தூண்டில் கம்புகள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. மின்சாரம் கடத்தும். பரந்த தண்ணீருக்கு நடுவில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மின்னலுக்கு வழி காட்டுவது மாதிரி.

ஓடும் ஆற்றில் ஃப்ளோட் டியூப் வேண்டவே வேண்டாம். நீரோட்டத்தை எதிர்த்துக் காலால் உதைத்து ஜெயிக்க முடியாது. தண்ணீருக்குள் கிடக்கும் மரக்கிளையில் மாட்டினால், பின்னால் வரும் தண்ணீர் அமுக்கிப் பிடித்துவிடும். அணையின் மதகு, உபரிநீர் வழி பக்கமும் இதே கதைதான்.

மீன் மாட்டிய பிறகு

தண்ணீர் மட்டத்திலேயே உட்கார்ந்திருப்பதால் மீன் நேராக மடிக்கு வரும். கைவலை ஒன்று இருந்தால் தடுமாற வேண்டியதில்லை. முன்னால் விரிக்கும் துணியில் பெரும்பாலும் அளவுக் கோடு அச்சிட்டிருக்கும். மீனின் நீளத்தை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். திரும்ப விடப்போகிற மீன் என்றால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். உலர்ந்த கை அதன் மேல் உள்ள வழவழப்பை உரித்துவிடும். முள் எதிர்க்கொக்கி இல்லாததாக இருந்தால் மீனுக்கும் நல்லது, உங்கள் விரலுக்கும் டியூப்புக்கும் நல்லது.

இன்னொரு வழியும் உண்டு. தூண்டில் கயிற்றை நீளமாக விட்டுவிட்டு மெதுவாகப் பின்னோக்கி உதைத்துக்கொண்டே போனால், இரை தண்ணீருக்குள் நீந்துவது போல வரும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதிகம் மாட்டுவது இந்த முறையில்தான்.

நம் ஊர்த் தண்ணீருக்கு ஒத்துவருமா?

தமிழ்நாட்டு ஏரிகளிலும் அணைகளிலும் லாரி டியூப்பை மிதவையாக்கி வலை விரிக்கிற மீனவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களின் பிழைப்பு. அந்தத் தண்ணீரின் ஒவ்வொரு மூலையும் அவர்களுக்குத் தெரியும். பொழுதுபோக்குக்காக ஃப்ளோட் டியூப் வாங்கிக்கொண்டு இறங்குகிறவருக்கு அது தெரியாது.

நம் ஏரிகளில் தண்ணீர் ஏறும்போது சீமைக் கருவேல மரங்கள் அப்படியே மூழ்கிவிடும். மேலே ஒன்றும் தெரியாது, அடியில் முள். ஆகாயத்தாமரைக்குள் கால் போனால் ஃபின்ஸ் சிக்கும். மீனவர்கள் விரித்த வலையில் மாட்டினால் வலையும் நாசம், உங்களுக்கும் ஆபத்து. சாக்கடை கலக்கும் ஏரியில் காலில் புண்ணோடு மணிக்கணக்காக உட்கார்ந்தால் எலிக்காய்ச்சல் வரை வரலாம். உடுமலை பக்கத்து அமராவதி அணையில் முதலைகள் இருக்கின்றன. காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு உட்காருகிற எந்த மிதவைக்கும் அந்த மாதிரி இடம் ஆகவே ஆகாது. இதற்கெல்லாம் மேலாக, அணையிலும் ஏரியிலும் மீன் பிடிக்க அனுமதி வேண்டும். பல இடங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். கேட்காமல் இறங்கக் கூடாது.

வீட்டில் குழந்தைகளுக்கு லாரி டியூப் போட்டு நீச்சல் பழக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டியூப்பின் நடு ஓட்டை பெரியவர்கள் உடம்புக்கானது. சின்னப் பிள்ளைகள் கையைத் தூக்கினால் அதன் வழியே நழுவிவிடுவார்கள். பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

டியூப், ஃபின்ஸ், வேடர்ஸ் மூன்றையும் கழுவி, தண்ணீரை வடித்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். துர்நாற்றம் மட்டும் காரணம் அல்ல. ஒரு ஏரியின் பாசித் துணுக்கும், கண்ணுக்குத் தெரியாத சிப்பிக் குஞ்சும் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போய்விடும். அமெரிக்காவில் வரிக்குதிரைச் சிப்பி என்ற வெளிநாட்டுச் சிப்பி இப்படிப் பல ஏரிகளில் பரவி, தண்ணீர்க் குழாய்களையே அடைக்கும் தொல்லையாகிவிட்டது. காய்ந்த பிறகு வெயில் படாத இடத்தில், எலி வராத இடத்தில் வையுங்கள். இறுக்கமாக மடித்து வருடக்கணக்கில் போட்டால் மடிப்பிலேயே வெடிக்கும். லேசாகக் காற்றோடு வைப்பது நல்லது.

கிளம்பும் முன் ஒரு பார்வை

* லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கிறதா? டியூப்பில் கட்டியிருந்தால் கணக்கில்லை.
* எல்லா அறையிலும் காற்று இருக்கிறதா, வால்வு மூடி இறுகியிருக்கிறதா?
* ஃபின்ஸ் கயிறு கணுக்காலில் கட்டியாயிற்றா?
* விசில் கழுத்தில், போன் தண்ணீர் புகாத பையில் இருக்கிறதா?
* சிக்கிய கயிற்றை அறுக்கச் சின்னக் கத்தி கைக்கெட்டுகிறதா?
* தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி ஆரஞ்சு, மஞ்சள் நிறத்தில் தொப்பியோ கொடியோ உண்டா? மோட்டார் படகு ஓட்டுகிறவருக்குத் தண்ணீர் மட்டத்தில் இருக்கும் தலை தெரியாது.
* காற்று முகத்திலா, முதுகிலா?
* நடுவழியில் ஓர் அறை காற்று இறங்கினால்? இறங்கின கரைதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், பக்கத்தில் இருக்கும் கரைக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. எந்த ஏரி, எந்தக் கரையில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் தேடத் தொடங்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த மகன் நடந்ததையெல்லாம் மறுநாள்தான் வீட்டில் சொன்னான். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்பா திட்டவில்லை. "அந்த வட்ட டியூப்பை வித்துரு கண்ணு. ரெண்டு மூணு அறை இருக்கிறதா வாங்கு. வாங்கினதும் ஊதி வெச்சு வீடியோ கால்ல காட்டு" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்த அழைப்பு வந்தது. மகன் ஒரு கையில் போனும் ஒரு கையில் சோப்பு நுரையுமாக, புது டியூப்பின் தையல் ஓரமாகத் தடவிக்கொண்டே போனான். இங்கே அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அங்க நிறுத்து. வால்வுகிட்ட இன்னொரு தடவை தடவு." குமிழி வரவில்லை. "சரி, போயிட்டு வா" என்றார்.

இப்போதெல்லாம் அவன் ஏரிக்குப் போகும் நாட்களில் அம்மாவின் போனுக்கு இரண்டு செய்தி வருகிறது. இறங்கும் முன் ஒன்று, கரையேறியதும் ஒன்று. மீன் படம் வந்தாலும் வராவிட்டாலும், அந்த இரண்டாவது செய்தி வந்த பிறகுதான் அம்மா தூங்கப் போகிறார்.